குறியும் நகையும்: தேயிலைத் தோட்டத்துக் குறியீடுகள் பற்றிய ஒரு நோக்கு

1

கணிதக் குறியீடுகளும் தொழில்நுட்பக் குறியீடுகளும் தம்மளவில் நகைச்சுவைக்கு உரியனவல்ல. ஐயத்துக்கு இடமின்றி ஒரு பொருளை மட்டுமே சுட்டுதல் அவற்றின் இலக்கணம். ஆயினும், தாம் பிறந்த துறையின் எல்லையைத் தாண்டிச் சாதாரண மக்களின் கண்ணிலும் காதிலும் படும்போது அவை வேறு பொருள் பெறுகின்றன. அப்பொருள் பெரும்பாலும் சிரிப்புக்கு உரியதாக அமைகின்றது. இச்சிரிப்பை அறியாமையின் விளைவெனக் கல்வியாளர் ஒதுக்குவதுண்டு. வெறும் சொல்விளையாட்டெனச் சுவைஞர் இரசிப்பதுமுண்டு. இவ்விரு சாராரும் ஒரு வினாவைக் கேட்பதில்லை. அந்தக் குறி யாருடைய கையில் இருந்தது? யாருடைய வாழ்வை அது அளந்தது?

இவ்வினாவை எழுப்புவதற்கு மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜைப் போலப் பொருத்தமான இடங்கள் சிலவே. கெகல்கமு ஓயாவின் குறுக்கே எழுந்த அணைக்கட்டும் அதன் நீர்த்தேக்கமும் இங்குள்ளன. 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பழைய இலக்சபான மின்நிலையத்துக்கு நீர் செல்வது இந்தத் தேக்கத்திலிருந்தே. இலங்கையின் நீர்மின் வளத்தை 1918இலேயே ஆய்வுரையொன்றில் எடுத்துக்காட்டிய பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கிய மின்நிலையமும் இங்கேயே 1965இல் அமைந்தது. சுற்றிலும் தேயிலை. மின்கம்பத்தின் எச்சரிக்கைப் பலகை, தொழிற்சாலைப் பெட்டியின் ஆங்கில எழுத்துக்கள், கணக்கப்பிள்ளையின் செக்றோல், பாடசாலைக் கரும்பலகையின் சமன்பாடு ஆகிய நால்வகைக் குறியீடுகள் சில மைல் சுற்றுவட்டத்துள் வழங்கும் இடம் இது. இக்குறிகளுள் எவை நகைக்கு இடமாயின, எவை ஆகவில்லை என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் குறிக்கோள்.

2

குறியீட்டை வேறு பொருளில் வாசித்து நகைத்தல் தமிழுக்குப் புதிதன்று. ஔவையாரின் பேரால் வழங்கும் தனிப்பாடலொன்று எல்லோரும் அறிந்தது. ஆரைக்கீரையைக் குறித்து விடுகதை போட்ட புலவரொருவர் ஔவையை ‘அடீ’ என விளித்தார் என்றும், அவர் ‘அடா’ என முடியும் பாட்டினால் விடையிறுத்தார் என்றும் செவிவழிக் கதை கூறும். அப்புலவர் கம்பர் என்றும் சொல்லப்படும். அவ்வசையின் நுட்பம் எண் குறிகளில் அடங்கியுள்ளது. தமிழில் எட்டு என்னும் எண்ணின் வடிவம் ‘அ’. கால் என்னும் பின்னத்தின் வடிவம் ‘வ’. இரண்டையும் சேர்த்தெழுதினால் ‘அவ’ என்றாகும். இலட்சணம் என்ற சொல்லின் முன்னே எட்டையும் காலையும் வைத்துவிட்டால், வெளிப்பார்வைக்குப் புகழ். கணக்கறிந்தவனுக்கோ அது அவலட்சணம்.

பதினைந்தாம் நூற்றாண்டினரான காளமேகப் புலவரின் பேரால் வழங்கும் மற்றொரு பாடல் பின்னங்களின் பெயர்களை இறங்குவரிசையில் அடுக்கிச் செல்கின்றது. முக்கால் என்பது ஊன்றுகோலுடன் சேர்ந்த மூன்று கால்; அரை என்பது நரையினுள் ஒளிந்து நிற்கின்றது; பத்தில் ஒன்றாகிய இருமா, இருமல் வருமுன் எனப் பொருள்தருகின்றது; பதினாறில் ஒன்றாகிய மாகாணி சுடுகாட்டைச் சுட்டுகின்றது; இருபதில் ஒன்றாகிய ஒருமா, காஞ்சியின் ஒற்றை மாமரமாகின்றது. முதுமையும் மரணமும் பின்ன வாய்பாட்டின் வழியே தேய்ந்து தேய்ந்து, அறுநூற்று நாற்பதில் ஒன்றாகிய கீழரையில் வந்து முடிகின்றன.

இவற்றின் திறமையை வியப்பதோடு நிற்றல் போதாது. இந்நகை யாருக்குப் புரிந்திருக்கும் என்பதும் நோக்கற்பாலது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியையும் கீழ்வாயிலக்கத்தையும் நெட்டுருச் செய்தவனுக்கே மாகாணி என்றதும் பதினாறில் ஒன்று நினைவுக்கு வரும். நிலவரிக் கணக்கிலும் கோயிற் கணக்கிலும் புழங்கிய அக்கல்வி எல்லாச் சாதியினர்க்கும் திறந்திருந்த ஒன்றன்று. ஆகவே எண்சுவடியை வைத்து எழுந்த நகை, அதனை உடைமையாகக் கொண்டோர் தம்முள்ளே பரிமாறிக்கொண்ட நகை. அளக்கப்பட்ட நிலத்தில் ஏர் பிடித்தவனுக்கு மாகாணி என்பது சிலேடையன்று. அவன் பெறும் பங்கின் அளவு. குறியின் உள்ளிருந்து எழும் நகை இது. இதனை உள்நகை என்போம்.

3

கோப்பிப் பயிர்ச்செய்கையோடும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கையோடும் தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து மலையேறி வந்த உழைப்பாளர் முற்றிலும் புதியதோர் குறியீட்டு உலகினுள் தள்ளப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லையொன்று வருவோரின் கழுத்தில் தொங்கவிடப்பட்டது. எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதை அது அதிகாரிகளுக்கு அறிவித்தது. அணிந்திருந்தவர்க்கு அது என்ன அறிவித்தது? கண்ணால் வாசிக்கும் குறி அது. ஆனால் அவருக்காக எழுதப்பட்டதன்று.

காதால் கேட்ட குறிகளின் கதை வேறு. நிருவாகத்தின் கலைச்சொற்கள் தொழிலாளரின் செவியில் விழுந்து தமிழ்ச் சொற்களாகவே எழுந்தன. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் ‘பரேட்’ பிரட்டு ஆயிற்று. தமிழில் பிரட்டுதல் என்பது கீழ்மேலாகப் புரட்டுதல். விடியுமுன் உறக்கத்தைப் புரட்டிப்போடும் நிகழ்ச்சிக்கு இதனினும் பொருந்திய பெயர் கிடைத்தல் அரிது. வரிசைக் குடியிருப்பாகிய ‘லைன்’ முதலில் லயன் என்றும் பின்னர் லயம் என்றும் ஆயிற்று. லயம் என்பது இசையில் தாள அளவு. சமயத்தில் ஒன்றில் ஒடுங்கிக் கரைதல். ஆன்மா லயிக்கும் இடம் ஆலயம் என்பார் மரபுவழி உரைகாரர். எட்டடிக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கிய இடத்துக்கும் அதே சொல் வாய்த்தது.

துண்டு என்ற சொல் இன்னும் கருத்தில் கொள்ளத்தக்கது. ஒரு தோட்டத்திலிருந்து விலகிச் செல்லும் தொழிலாளரின் கடன் எவ்வளவு என்பதைக் குறித்துக் கொடுத்த சீட்டின் பெயர் துண்டு. அத்தொகையைக் கட்டும் தோட்டமே அவரைப் பெறலாம். ஆள் கைமாறிய விலைச்சீட்டு என்று இதனைக் கூறினும் பொருந்தும். 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தமிழில் துண்டு என்பது ஆடவர் தோளில் இடும் மேலாடையையும் குறிக்கும். வரவு செலவுக்குக் காணாது குறையும் தொகையையும் ‘துண்டு விழுகிறது’ என்போம். தோளில் கிடந்தால் மதிப்பு, கணக்கில் விழுந்தால் கடன், கையில் வந்தால் அடிமைச் சீட்டு. ஒரே சொல்லில் இம்மூன்றும் கூடியமை தற்செயலே. அத்தற்செயலைக் கண்டு கசப்போடு சிரிக்க இடமிருந்தது.

தோட்டத்துக் கணக்கில் தலையாய அலகு ‘பேர்’. ஒரு நாள் வேலை செக்றோலில் பதியப்பட்டால் அது ஒரு பேர். குறித்த அளவு கொழுந்து நிறையாவிட்டால் விழுவது அரைப்பேர். மனிதரின் பெயர் என்பது பின்னமாக உடையக்கூடிய ஓர் அளவையாக மாறியதைத் தமிழ் வழக்கு மறைக்காமற் காட்டுகின்றது. ‘நல்ல பேர் எடுத்தல்’ என்ற தொடர் ஊரில் புகழைக் குறிக்கும். தோட்டத்தில் அது மாதத்தில் எத்தனை நாள் பதிவாயின என்பதையும் குறிக்க இயலும். காளமேகத்தின் பாடலிலும் தோட்டத்து வழக்கிலும் ‘அரை’ இருபொருள் பெறுகின்றது. முன்னதில் நகைப்பவர் கணக்கை வைத்திருப்பவர். பின்னதில் நகைப்பவர் கணக்கினுள் வைக்கப்பட்டிருப்பவர். குறியின் கீழிருந்து எழும் நகை இது.

4

இனித் தொழிற்சாலையினுள் நுழைவோம். கொழுந்து வாடவைக்கப்பட்டு, உருட்டப்பட்டு, நொதித்து, உலர்ந்த பின்னர் சல்லடைகளால் தரம் பிரிக்கப்படுகின்றது. பிரித்த ஒவ்வொரு தரத்துக்கும் ஓர் எழுத்துக் கூட்டம் உண்டு. ஓ. பி. என்பது ஓரஞ்ச் பீக்கோ, பி. ஓ. பி. என்பது புரோக்கன் ஓரஞ்ச் பீக்கோ. அதனினும் சிறியது பி. ஓ. பி. எப்.; எஞ்சும் நுண்துகள் டஸ்ட். பீக்கோ என்பது தளிரின் வெண்மயிரைக் குறிக்கும் சீனச் சொல்லின் திரிபு. ஓரஞ்ச் என்பதற்கும் தோடம்பழத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை; ஒல்லாந்து அரச மரபோடு அதனைத் தொடர்புறுத்துவோரும் இலையின் செப்பு நிறத்தோடு தொடர்புறுத்துவோரும் உளர். இவ்வெழுத்துக்கள் முதன்மையாக இலைத்துண்டின் அளவையும் தோற்றத்தையுமே குறிக்கின்றன. சுவையின் மேன்மையை அல்ல. தூள் கடுஞ்சாயம் தரும் என்பதைத் தேநீர்க் கடைக்காரர் எவரும் அறிவர்.

இந்திய வணிகத்தில், குறிப்பாக டார்ஜிலிங் தேயிலைக்கு, இவ்வெழுத்துக்கள் நீண்டு எப். ரி. ஜி. எப். ஓ. பி. என்றாகும். விரித்தால் ‘பைனெஸ்ட் ரிப்பி கோல்டன் பிளவரி ஓரஞ்ச் பீக்கோ’. அடைமொழி மேல் அடைமொழியாக வளர்ந்த இக்குறியைத் தேயிலை வணிகர் தாமே கேலி செய்து வேறு விதமாக விரித்தனர்: ‘பார் ரூ குட் போர் ஓர்டினரி பீப்பிள்’. சாதாரண மக்களுக்கு ஏற்காத அளவு உயர்ந்தது என்பது இதன் பொருள். மறைபொருட் குறியொன்றுக்கு நகைப்பொருள் தந்த வாசிப்புக்களுள் உலகெங்கும் பரவியவற்றுள் இதுவும் ஒன்று.

இதனைத் தொழில்நுட்ப நோக்கில் மறுத்தல் எளிது. இலையின் அளவைக் குறிக்கும் எழுத்து மனிதரின் தகுதியைக் குறிக்காது. சமூக நோக்கில் மறுத்தல் அத்துணை எளிதன்று. மதிப்பு என்பது உழைப்பின் விளைபொருள் ஒவ்வொன்றையும் சமூகச் சித்திர எழுத்தாக மாற்றிவிடுகின்றது என்ற கருத்தை 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் மார்க்ஸ் முன்வைத்தார். மனிதர் பின்னர் அவ்வெழுத்தைப் பொருளறிய முயல்கின்றனர். தமது சமூக உற்பத்தியின் இரகசியமே அது என்பதைக் காண முயல்கின்றனர். தேயிலைப் பெட்டியின் எழுத்துக்கள் இக்கருத்துக்கு உவமையாக அன்றி, நேரடிச் சான்றாகவே அமைகின்றன. வணிகரின் கேலி அச்சித்திர எழுத்தின் ஒரு மூலையைச் சரியாகவே வாசித்துவிட்டது. உயர்ந்த விலை பெறும் இலை ஏற்றுமதிக்கு. பறித்த கைகள் லயத்தில் ஊற்றிக் குடிப்பது பெரும்பாலும் தூள். ஆயினும் இக்கேலியைச் சொன்னவர் அந்தச் சாதாரண மக்கள் அல்லர். உண்மையைச் சொல்லியும் எதனையும் மாற்றாத உள்நகை இது.

பிரட்டையும் துண்டையும் பேரையும் தமதாக்கிக்கொண்ட தொழிலாளர் வழக்கில், பி. ஓ. பி. முதலிய எழுத்துக்களை வைத்து எழுந்த நகை எதனையும் நாம் அறியோம். காரணம் தெளிவு. மலையில் இருக்கும்வரை அது கொழுந்து. நிறுவைக்குப் பின் தொழிற்சாலை வாயிலைத் தாண்டிய பிறகே அது பீக்கோ. அவ்வாயிலுக்கு அப்பாலுள்ள எழுத்துக்களைப் பறிப்பவர் தம் கையால் எழுதுவதுமில்லை, அவற்றால் கூலி பெறுவதுமில்லை. குறியை வைத்து நகைப்பதற்கும் ஓரளவு எழுத்தறிவு வேண்டும். முழுதும் அறியாதவருக்கு அது சுவரில் கீறிய கோடு. அதனை அன்றாடம் ஆள்பவருக்கு அது பழகிப்போன கருவி. வாசலில் நிற்பவருக்கே அது இருபொருள் தருகின்றது. கீழிருந்து எழும் நகை, ஒரு வர்க்கம் தனக்கு மறுக்கப்பட்ட அறிவின் வாசலை வந்தடைந்தமைக்குச் சான்றாகும்.

5

வாசலைத் திறந்தது பாடசாலை. கங்காணியின் தயவிலும் துரையின் தயவிலும் நெடுங்காலம் இயங்கிய தோட்டப் பாடசாலைகள் 1977 முதல் படிப்படியாக அரசாங்கத்தால் பொறுப்பேற்கப்பட்டன. கூலி வீட்டுப் பிள்ளைகள் தமிழ் மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் பயின்றபோது, குறிகளுடன் அவர்களின் தாய்மொழி மோதியது.

‘ஆகவே’ என்பதைக் குறிக்கும் முப்புள்ளி 1659இல் யோகான் ரானின் அட்சரகணித நூலில் முதன்முதல் அச்சேறியது. அது தமிழ்ப் பிள்ளைக்கு அரிச்சுவடியிலேயே அறிமுகமான ஆய்த எழுத்து. தமிழ்த் தட்டச்சுப் பொறியும் அதற்கு ‘ஃ’ஐயே பயன்படுத்தியது. இலக்கணத்தில் தனித்து நின்று எதற்கும் பயன்படாதது போலத் தோன்றும் எழுத்து, கணிதத்தில் முடிபை நிறுவும் எழுத்தாகின்றது. மின்தடையின் அலகு ஜோர்ஜ் ஓம் என்னும் ஜேர்மானியரின் பெயரைத் தாங்குகின்றது. 1827இல் அவர் வெளியிட்ட விதி ஓமின் விதி. சைவப் பிள்ளைக்கு ஓம் பிரணவம். இலங்கைத் தமிழனுக்கு அது உடன்பாட்டுச் சொல்லுமாகும். தடைக்கு ‘ஓம்’ என்று பெயரிட்டமை வகுப்பறையில் சிரிப்பை எழுப்பாதிருத்தல் அரிது. நோட்டன் பிரிட்ஜில் இச்சிரிப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மலையகத்து நீரில் பிறந்த மின்சாரம் உயரக் கம்பிகளில் கொழும்புக்குச் சென்றபின்னும், அக்கம்பிகளின் கீழிருந்த லயங்கள் பல நெடுங்காலம் குப்பி விளக்கிலேயே கிடந்தன. அங்கே தடை மின்கம்பியில் இருக்கவில்லை.

அடிப்படைச் செய்கைகளின் தமிழ்ப் பெயர்களை நோக்குவோம். கூட்டுதலும் பெருக்குதலும் வீட்டுமொழியில் விளக்குமாற்று வேலை. இரண்டும் உழைப்பவரைச் சேர்ந்தன. கழித்தல் என்பது கூடையின் எடை, ஈரத்தின் எடை எனக் கொழுந்து நிறுவையிற் செய்யப்படும் செயல்; அது கணக்கு எழுதுபவரைச் சேர்ந்தது. வகுத்தலோ விதியின் செயல் என்பது நம் மரபு. தோட்டத்தில் அது துரையைச் சேர்ந்தது. நான்கு செய்கைகளும் எல்லோர்க்கும் பொது என்பது பாடநூலில் மட்டுமே உண்மை.

இதனினும் பொருள்பொதிந்த ஒன்றுண்டு. ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி வருவது வர்க்கம். அதனைத் தந்த எண் வர்க்கமூலம். 1525இல் கிறிஸ்தோப் ருடொல்ப் அச்சிற் பயன்படுத்திய குறியின் வழிவந்த மூலக்குறியைக் கரும்பலகையில் இட்டு ‘வர்க்கமூலம் காண்க’ என ஆசிரியர் எழுதுகின்றார். சமூகவியலில் வர்க்கம் என்னும் சொல் எதனைக் குறிக்கும் என்பதை மாலையில் தொழிற்சங்கக் கூட்டத்தில் கேட்டுவந்த மாணவனுக்கு அவ்வினா வேறாகவே ஒலிக்கும். வர்க்கத்தின் மூலம் எது? கணிதத்தில் அதற்கு நேர், மறை என இரு விடைகள் உண்டு. சமூகத்தில் விடையைக் காண மூலதனத்தையும் உழைப்பையும் ஒருசேர நோக்க வேண்டியிருக்கின்றது. இச்சிலேடையை எவரும் திட்டமிட்டு ஆக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒரே வடசொல்லை இரு துறைகளுக்கு வழங்கினர். வாழ்வு அவ்விரண்டையும் ஒரு மாணவனின் மூளையில் சந்திக்க வைத்தது.

6

நகையின் ஆற்றலை இங்ஙனம் போற்றும் நாம் அதன் எல்லையையும் கூறுதல் கடன். எல்லாக் குறிகளும் நகைக்கு இடந்தந்தன அல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்ரோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த உடன்படிக்கை அவர்களை 9,75,000 பேர் என எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்க என வகுத்தது. இதனைச் சுருக்கினால் ஏழுக்கு நான்கு என்ற விகிதம் வரும். 1967இன் அமுலாக்கச் சட்டம் இவ்விகிதத்தையே பின்பற்றியது. எஞ்சியோரை 1974இல் சரிபாதியாக 75,000 வீதம் பங்கிட்டனர். முன்னர் ஒரு பேர் அரைப்பேராக உடைந்தது. இப்போது ஒரு குடும்பமே விகிதத்தின் இருபுறமும் உடைந்தது. அவ்விகிதக் குறியின் இரு புள்ளிகளுக்கிடையே கடல் கிடந்தது. மீந்திருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. ஏழுக்கு நான்கு என்பதை வைத்துச் சிரித்த ஒருவரையும் நாம் அறியோம்.

சிரிப்பு, அளவுகோலை வைத்திருப்பவனைச் சிறுமைப்படுத்தலாம், அளவுகோலைக் கைமாற்றாது. பிரட்டு என்று பெயரிட்டதால் விடியற்காலைக் கணக்கெடுப்பு நின்றுவிடவில்லை. துண்டு ஒழிந்தது சிலேடையால் அன்று. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு கோ. நடேசையர் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தது போன்ற முயற்சிகள், கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை தொழிலாளர்க்கு உண்டு என்ற உணர்வை வளர்த்தன. கணக்கை வாசிக்க இயலாத காலத்தில் அது தலையெழுத்து எனப்பட்டது. மண்டையோட்டின் பொருத்துக் கோடுகளைப் பிரமன் எழுதிய, எவராலும் வாசிக்க முடியாத எழுத்தென நம்பிய சமுதாயத்தில், செக்றோலும் அவ்வாறே தோன்றியதில் வியப்பில்லை. அது பிரமன் எழுதியதன்று. ஓர் அலுவலகத்தில், ஒரு மேசையில், மனிதர் எழுதியது. எழுதியவர் இருப்பின் திருத்தவும் கூடும். நகை இவ்வுண்மையை முதலில் உணர்த்தியது. எழுத்தறிவும் அமைப்பும் அதனைச் செயலாக்கின.

இன்று பல தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மின்னணுத் தராசு வந்துள்ளது. அதன் எண்களை வாசிக்கும் பெண் தொழிலாளர் பலர் பாடசாலையில் வர்க்கமூலம் கண்டவர்கள். ஆயினும் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய அளவு எத்தனை கிலோ, அதில் எத்தனை கழியும் என்பவை இன்னமும் பிணக்குக்குரிய வினாக்களாகவே உள்ளன. குறியை வாசித்தல் ஒருபடி. குறியை நிருணயித்தல் இன்னொருபடி. இவ்விரண்டாம் படியிலேயே போராட்டம் இன்று நிற்கின்றது.

இறுதியாக ஆய்வாளர்க்கு ஒன்று கூறுவோம். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையக மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்தமையால் அம்மக்களின் துயரமும் நம்பிக்கையும் பதிவாயின. அவர்களின் சொற்சிலேடைகளும் குறியீட்டுக் கேலிகளும் இன்னும் முறையாகத் திரட்டப்படவில்லை. பிரட்டுக் களத்திலும் நிறுவைக் கொட்டிலிலும் பாடசாலைப் பின்வரிசையிலும் வழங்கும் இவற்றை, யார் சொன்னார், எக்குறியைப் பற்றிச் சொன்னார், அக்குறி அவரின் வாழ்வில் என்ன செய்தது என்ற மூன்று வினாக்களோடு சேர்த்துப் பதிதல் வேண்டும். இவ்வினாக்கள் இன்றித் திரட்டினால் நமக்குக் கிடைப்பது துணுக்குத் தொகுதி. இவற்றோடு திரட்டினால் கிடைப்பது, உழைக்கும் மக்கள் தம்மை அளந்த எழுத்துக்களை எப்போது, எவ்வாறு வாசிக்கத் தொடங்கினர் என்பதன் வரலாறு.